ஆன்-கிரிட் சோலாரில் பேட்டரி சேர்க்கும் வேலை: இதுவரை

கரண்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும் (வெளி மின்லைனோடு, அதாவது கிரிட்டோடு, சேர்ந்து ஓடும் சோலார்) நின்றுவிடும், வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி. இது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்றுதான், பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. அந்தப் பாதுகாப்பைத் தொடாமல் வீட்டுக்குள் மட்டும் பேனலை ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

பழைய 3 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர் நன்றாக ஓடுவதால் அதைக் கழற்றவில்லை. பக்கத்தில் 5 கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றை வைத்தேன். கரண்ட் போனதும் அது வீட்டை வெளி லைனிலிருந்து துண்டித்து, தானே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொடுக்கும். சோலார் இன்வெர்ட்டர் அதையே கிரிட் என்று எடுத்துக்கொள்ளும். சோலாரை விடப் பேட்டரி இன்வெர்ட்டர் சிறியதாக இருக்கவே கூடாது. வீட்டு லோடு திடீரென்று குறைந்தால் பேனலின் மொத்த மின்சாரமும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குள் போயாக வேண்டும்.

பேட்டரி 16 லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள், 51.2 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃப்யூஸ். டிசியில் வரும் ஆர்க் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) ஏசி மாதிரி தானாக அணையாது, அதனால் டிசிக்கென்றே உள்ள ஃப்யூஸ்தான் போட வேண்டும். முதல் இணைப்பை ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து பேட்டரி இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்களை மெதுவாக நிரப்பினேன்; தீப்பொறியே வரவில்லை.

அப்புறம் சோதனை. நல்ல வெயிலில் மெயினை இறக்கினேன். விளக்கு ஒருமுறை சிமிட்டியது, ஃபிரிட்ஜ் நிற்கவில்லை. சோலார் இன்வெர்ட்டர் அணைந்து, 60 நொடியிலிருந்து கவுண்ட்டவுன் ஓடி, மறுபடி சேர்ந்துகொண்டது. வாட்ஸ் ஏற ஏற எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

பேட்டரி நிறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. மின்சாரம் போக வேறு வழியில்லை. அப்போது பேட்டரி இன்வெர்ட்டர் ஃப்ரீக்வென்சியை, அதாவது அந்த 50 ஹெர்ட்ஸை, உயர்த்துகிறது; அதைப் பார்த்து சோலார் இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைக் குறைக்கிறது. திரையில் 50.0 என்று இருந்தது 50.6, 51.1 என்று நகர, அந்தப் பக்கம் சோலார் 2 கிலோவாட்டிலிருந்து படிப்படியாக இறங்கியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிக்னல் வயர்கூடக் கிடையாது! பழைய சோலார் இன்வெர்ட்டர் மாடல்கள் சிலவற்றுக்கு இப்படிக் குறைக்கத் தெரியாது. ஃப்ரீக்வென்சி எல்லை தாண்டியதும் ட்ரிப் ஆகி (மொத்தமாக அணைந்து), திரும்பச் சேர்ந்து, மறுபடி ட்ரிப் ஆகும். பேட்டரி வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

லைன் துண்டிக்கப்படும்போது நியூட்ரல்-எர்த் இணைப்பும் விட்டுப்போகும், அது இல்லாவிட்டால் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால், பேட்டரி இன்வெர்ட்டரின் உள் ரிலே (தானாக மாறும் ஸ்விட்ச்) அதைச் சேர்க்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன், சேர்க்கிறது. எர்த் லீக்கேஜ் பிரேக்கரும் டெஸ்ட் பட்டனுக்கு விழுந்தது.

தண்ணீர் மோட்டாரை மட்டும் பேக்கப்பில் சேர்க்கவில்லை. ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டு அளந்த பிறகுதான் அது.