பிடில்காரரின் சனிக்கிழமை இரவு

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையூர்களில் அந்தக் காலத்தில் பிடிலை, அதாவது வயலினை, மட்டுமே நம்பிப் பிழைத்தவர்கள் அரிது. பகலில் புகையிலை வயலோ நிலக்கரிச் சுரங்கமோ இருக்கும். சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் பிடில். வட கரோலைனாவின் பிடில்காரர் டாமி ஜாரல் (1901–1985) மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலையைச் சமன்செய்யும் வண்டி ஓட்டி, 1966இல் ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகுதான் வெளியூர் இளைஞர்கள் அவரிடம் பாடம் கேட்க வந்து குவிந்தார்கள்.

மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. மக்காச்சோளம் உரிக்க ஊர் கூடும் வீட்டில் வேலை முடிந்ததும் கட்டில், மேசையெல்லாம் வெளியே போய்விடும். இரண்டு அறையிலும் ஆட்டம் என்றால் பிடில்காரர் உட்காருவது நடு நிலைப்படியில். மைக் இல்லை, பலகைத் தரையில் பூட்ஸ் கால்கள் இடிக்கிற சத்தத்தை மீறிப் பாட்டு கேட்டாக வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் இரண்டு தந்திகளைச் சேர்த்தே இழுப்பார்கள். அதற்குத் தோதாகக் குதிரையின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) மேல்வளைவைக் கொஞ்சம் சீவித் தட்டையாக்குவார்கள். அளவு மீறிச் சீவினால், அழுத்தி இழுக்கும்போது வில் மூன்றாவது தந்தியிலும் உரசும். சீவிய மரத்தை ஒட்டவைக்க முடியாது, புதுக் குதிரைதான் போட வேண்டும்.

சுருதி பாட்டுக்குப் பாட்டு மாறும். நான்கு தந்திகளின் வழக்கமான சுருதியான ஜி-டி-ஏ-இ-யில் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு முழுச்சுரம் ஏற்றினால் ஏ-இ-ஏ-இ. நம் கர்நாடக வயலினின் ச-ப-ச-ப இதேதான். இரண்டை ஏற்றியதும் குதிரைமேல் பாரம் கூடி மற்ற இரண்டும் சற்று இறங்கிவிடும். ஒரே சுற்றில் சேராது. குடல் தந்தியென்றால் அறுந்தும் போகும். ஆகவே ஒரே சுருதிப் பாட்டுகளைச் சேர்த்து வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் அடுப்புச் சூட்டில் மரம் காய்ந்து, தந்தியை முறுக்கும் பிரடை நழுவும், சாக்குக்கட்டி தேய்க்க வேண்டும். மழைநாளில் உப்பி இறுகினால் சோப்பு.

கஷ்டமெல்லாம் வலது கைக்குத்தான். ஒரு பாட்டுக்கு 'முரட்டுப்' பகுதி, 'மெல்லிய' பகுதி என இரண்டு; முதலாவது கீழ்ஸ்தாயி, அடுத்தது மேல்ஸ்தாயி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் ஒரு சுற்று, ஏறக்குறைய அரை நிமிடம். ஆட்டம் 15 நிமிடம் ஓடினால் அதே பாட்டு 30 சுற்று. தோளிலிருந்து வில்லை இழுப்பவருக்குப் பாதி இரவிலேயே கை மரத்துவிடும். பழகியவர்கள் வில்லின் நடுப்பகுதியில், மணிக்கட்டால், குட்டைக் குட்டையாகத்தான் இழுப்பார்கள். பிடிலை மோவாயில் இடுக்காமல் மார்பில் சாய்த்துப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். பாடவும் வாய் தடையின்றி இருக்கும்.

அடிக்கடி நேரும் தப்பு வேகம்தான். ஆடுகிறவர்கள் கூச்சலிட்டால் வில்லும் தன்னையறியாமல் ஓடத் தொடங்கும். மூன்றாவது நிமிடத்தில் கால்கள் பின்னிக்கொள்ளும், திட்டு பிடில்காரருக்கு. பாதத்தால் தாளத்தைப் பிடித்துவைக்க வேண்டும். பாஞ்சோ என்ற தந்திவாத்தியம் வாசிக்க ஆள் இல்லையென்றால் பக்கத்தில் ஒருவர் மெல்லிய குச்சிகளால், வில்லுக்கும் இடது கைக்கும் நடுவே, தந்திமேலேயே தாளம் தட்டுவதுண்டு.

பிடிலுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால்கிலுக்கைப் போட்டுவைப்பார்கள். எலி அண்டாது, ஈரம் ஏறாது, நாதம் கூடும் என்று ஆளுக்கொரு காரணம். நாதம் கூடுவதை நம்புவது சிரமம்.

கூலி, தொப்பியில் விழும் சில்லறை. எவ்வளவு களைப்பானாலும் வில்லின் முடியைத் தளர்த்திவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். முறுக்கோடு கிடந்தால் நாளடைவில் குச்சி கோணிவிடும்.