குண்டுக்குப் பயந்து ஊருக்கு வந்த பிள்ளைகள்: பெரியவர்களிடம் கேட்டுப் பதிய

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்ற பேச்சில் பட்டணம் காலியானது. சோழவந்தான், திருமங்கலம், மேலூர் என்று பாட்டி வீடோ பெரியப்பா வீடோ இருந்த ஊருக்கெல்லாம் பிள்ளைகளை அனுப்பினார்கள். அன்று ஏழு வயது என்றால் பிறந்தது 1935. இனியும் தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இருக்காது.

"யுத்தம் எப்படி இருந்தது தாத்தா?" என்று ஆரம்பிக்காதீர்கள். பின்னால் பேப்பரில் படித்ததுதான் பதிலாக வரும். ஒரு தாளைக் கொடுத்து அந்த வீட்டை வரையச் சொல்லுங்கள்: திண்ணை, முற்றம், அடுப்படி, கொல்லை, கிணறு. யார் எங்கே படுத்தார்கள், ராத்திரி கொல்லைக்குப் போகத் துணைக்கு யார் வந்தார்கள் என்று அந்த வரைபடத்தைக் காட்டியே கேளுங்கள். அப்புறம் சாப்பாடு. மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. சோறு குறைந்த நாளில் தட்டில் என்ன விழுந்தது, கம்பா, சோளமா, கேழ்வரகா? பட்டணத்துப் பிள்ளைக்கு அது தொண்டையில் இறங்கியதா?

கரி பஸ்ஸைக் கட்டாயம் கேளுங்கள். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஆளுயர அடுப்பு ஒன்றைப் பொருத்தி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கிளம்புமுன் ஒருவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றூத வேண்டும். மேட்டில் இழுக்காது, ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். சூடு, புகை, கரிப்பிடித்த சட்டை எல்லாம் இந்த இடத்தில் தானாக வெளியே வரும்.

தேதி குழம்பத்தான் செய்யும். ஆங்கில வருஷத்தைக் கேட்டு நச்சரிக்காமல், சித்திரைக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். கொழும்பில் குண்டு விழுந்தது விஷு வருஷப் பங்குனிக் கடைசியில். அடுத்த வாரமே சித்திரபானு பிறந்தது. அழகர் ஆற்றில் இறங்கியபோது மதுரையில் இருந்தார்களா என்பது இன்னும் நல்ல கேள்வி. ஓட்டைக் காலணாவுக்கு மிட்டாய் வாங்கியதாகச் சொன்னால் அது 1943-க்குப் பிந்திய நினைவு. அந்தக் காசு வந்ததே அப்போதுதான். போடி ரயிலில் உசிலம்பட்டி போனோம் என்றால் எந்த மாதம் என்று துருவிக் கேளுங்கள், அந்தத் தண்டவாளத்தைப் போர்க்காலத்தில் பெயர்த்துவிட்டார்கள். சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டனின் பேச்சு வந்தால் அது 1914 செப்டம்பர், அவர்களுடைய அப்பா காலத்துக் கதை. சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். 1914, 1942, 1943 மூன்றும் ஒரே நினைவாகச் சேர்ந்து வருவது சகஜம். பேசும்போது திருத்தாதீர்கள், திருத்தினால் அடுத்த வாக்கியத்திலிருந்து உங்களைக் கேட்டுத்தான் பேசுவார்கள். குறித்து வைத்துக்கொண்டு பிறகு சரிபாருங்கள்.

வந்த பிள்ளையை எல்லோரும் கேட்கிறார்கள். இடம் கொடுத்த வீட்டுப் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. தன் பாயை, தன் பங்குத் தயிரை, அம்மாவின் மடியைப் பாதியாக்கிக்கொண்டது அந்தப் பிள்ளைதான். கிராமத்திலேயே தங்கிவிட்ட அத்தை மகளையும் சித்தப்பா மகனையும் தேடிப் போங்கள். அக்கா தங்கையைச் சேர்த்து உட்கார வைத்தால் அக்காதான் பேசுவார். முதலில் தனித்தனியே, பிறகு சேர்த்து.

பதிவுக்கு ஃபோன் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். ஃபேனை நிறுத்துங்கள், குக்கர் ஏறாத நேரமாகப் பாருங்கள். காலைக் காபிக்குப் பிறகு முக்கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் களைத்துவிடுவார்கள். ஊர்ப்பெயர், ஆட்பெயர்களை அன்றே எழுதி அவரிடமே படித்துக் காட்டுங்கள். அந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்ததாகச் சொன்னால் 1942 ஜூன் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். முன்பு படித்த பள்ளி என்ற கட்டத்தில் சென்னைப் பள்ளியின் பெயர் இருந்தால் வந்த மாதமும் வகுப்பும் உறுதியாகிவிடும். பிறந்த தேதியை மட்டும் அதில் நம்பாதீர்கள், பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வது அப்போது வழக்கம்.