அரைப் பேர்

"பீஸை மட்டும் முழுசா எண்ணி எடுத்துக்கிட்டீங்களே சார்" என்று எங்கள் கார்மெண்ட் கம்பெனியில் தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் ஒரு அக்கா, சம்பளக் கணக்கு பார்க்கும் என்னிடம் கேட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இரண்டு வருடம் ஆகப்போகிறது. கோபமாகக் கேட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். கோபப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. அவர் சம்பளக் கவரை மேஜை மேல் வைத்துவிட்டு, ஏதோ கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கழுத்தில் நாடா கட்டின நூல் கத்தரி, புறங்கையில் இரண்டு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். செக்கிங்கில் இருப்பவர்கள் டேமேஜ் பீஸில் ஒட்டுவதற்காகக் கையில் ஒட்டி வைத்திருப்பார்களே, அது. பிய்க்க மறந்து அப்படியே வந்திருந்தார்.

விஷயம் இதுதான். புதன்கிழமை டவுன் பஸ் பஞ்சராகி, பாதித் தூரம் நடந்து, 9:04-க்கு விரல் வைத்திருக்கிறார். எட்டரைக்கு ஷிப்ட். ஒன்பதைத் தாண்டினால் அரை ஷிப்ட் என்பது கம்பெனி விதி. நான் சேர்வதற்கு முன்பிருந்தே இருப்பது, சாப்ட்வேரிலேயே ஏற்றி வைத்தது, நான் எதுவும் தட்டாமலே 0.5 என்று விழுந்துவிடும். ஆனால் அன்றைக்கு அவரை யாரும் மதியம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. லைனில் ஆள் குறைவு, வந்ததும் சூப்பர்வைசர் டேபிளுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் ஐந்தரை வரை செக்கிங். மணிக்கு மணி புரடக்‌ஷன் எழுதும் போர்டில் அவர் டேபிளுக்கு எல்லா மணியும் எண்ணிக்கை இருக்கிறது.

நான் சொன்ன பதில், "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. உங்களுக்கு மாத்தினா நாளைக்குப் பத்துப் பேரு வருவாங்க."

அந்தப் பதில் தப்பா? இப்போதும் முழுக்கத் தப்பென்று சொல்ல வரவில்லை. ஷிப்மெண்ட் நாளில் எட்டரைக்கு லைன் நிரம்பாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதில் எத்தனை பேருடைய வேலை தொங்குகிறது என்றும் தெரியும். ஒருவருக்கு இளக்கினால் எல்லோரும் கேட்பார்கள் என்பதும் நிஜம்தான். ஆனால் அவர் கேட்டது தாமதத்தைப் பற்றியே இல்லை. வேலையை வாங்கிக்கொண்டீர்களே என்று கேட்டார். நான் பதில் சொன்னது அவர் கேட்காத கேள்விக்கு.

அவர் போன பிறகு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துகொண்டே இருந்தது. ராத்திரி பைக்கை ஸ்டாண்டு போடும்போது சட்டென்று வந்தது. அம்மாயி, அம்மாவைப் பெற்றவள்.

"பேரு அரை, கொழுந்து முழுசு." எங்கள் வீட்டில் அம்மாயி இதை எதற்கெல்லாமோ சொல்லும். கல்யாண வீட்டில் மூன்று நாள் பாத்திரம் கழுவிவிட்டு வந்த அம்மாவை யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையா, பேரு அரை கொழுந்து முழுசு. நான் விடிய விடியப் படித்தும் கணக்கில் 48 வாங்கி வந்தேனா, தலையைத் தடவி அதையே சொல்லும். சின்ன வயதில் எனக்கு இது சுத்தமாகப் புரியாது. பேர் எப்படி அரையாகும்? என் பேரைப் பாதியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள், சரி, இது சிலோன் பாஷை போல என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம். அம்மாயி போய் ஒன்பது வருடம் ஆகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பத்து வயதில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் நீலகிரியில் அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டம். நான் கேட்டதும் சிரித்தார்.

"அது செக்ரோல் பேருப்பா, வேலைக்கு வந்த ஆள் கணக்கு எழுதுற நோட்டு. அங்கெல்லாம் ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு பேருன்னுதான் சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு இத்தனை ராத்தல் கொழுந்து எடுக்கணும்னு இருக்கும். ரெண்டு ராத்தல் குறைஞ்சா கணக்குப்பிள்ளை அரைப் பேரு போட்டுருவாரு. கூடைக்குக் கழிப்பாங்க, மழை பெஞ்சா ஈரத்துக்குக் கழிப்பாங்க, அந்தக் கழிவுலதான் பாதி ஆளுங்களுக்குக் குறையும். அட்டை கடிச்ச காலோட நின்னு அம்மா சண்டை போடும். பேரைத்தான் பாதியாக்குனீங்க, கொழுந்தைப் பாதி திருப்பிக் குடுங்கன்னு கேட்கும். எல்லாரும் சிரிப்பாங்க. கொழுந்து பேக்டரிக்குப் போயிரும்."

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடம் கழித்து.

அம்மாயிக்கு இந்தப் 'பேர்' என்ற வார்த்தை மேல் ஏன் அத்தனை பிடிப்பு என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன், கொஞ்சம் அதிகமாகவே இருக்கலாம். திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேத்தி அது, பிறந்ததே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில்தான். இலங்கையின் 1948 சட்டத்தில் குடியுரிமை கிடைக்காமல் போனது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அப்படிக் குடியுரிமை இல்லாதவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974-ல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதிலும் பேர்தான், அதிலும் பாதிதான். தாயகம் திரும்பியவர் என்று காகிதத்தில் போட்டிருந்தாலும் அம்மாயி ஒரு புது ஊருக்குத்தான் வந்து இறங்கியது. அதையெல்லாம் நினைத்துச் சொன்னதா, இல்லை தராசு ஞாபகம் மட்டும்தானா, இனி யாரிடம் கேட்பது.

போனை வைப்பதற்கு முன் அம்மா கேட்டார், "ஏன்டா திடீர்னு? நீ பாக்குறது கணக்குப்பிள்ளை வேலை மாதிரிதானே?" சும்மா கேட்டதுதான். "ஆமாம்மா, அது மாதிரிதான்" என்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதாவிட்டால் இவ்வளவு எழுதியதும் பொய். அப்போது நடப்பில் இருந்த 1936-ஆம் வருடத்து ஊதியச் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. எவ்வளவு நேரம் வேலைக்கு வரவில்லையோ அந்த நேரத்துக்குரிய சம்பளத்தை மட்டும்தான் பிடிக்கலாம், அதற்கு மேல் கூடாது. அந்த அக்கா வராதது 34 நிமிடம். நாங்கள் பிடித்தது நான்கு மணி நேரம். அதாவது மூன்று மணி 26 நிமிட வேலை சும்மா. தொழிலாளர் சட்டம் படித்துவிட்டுத்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். அன்று சாயங்காலம் அவர் எதிரில் நின்றபோது அந்தப் பிரிவு எனக்கு ஞாபகம் இருந்தது. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா என்று சொல்லும்போதே ஞாபகம் இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். சட்டத்தைச் சொன்னேன், அம்மாயியைச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. "அந்தம்மாவுக்கு அடுத்த வாரம் ஓவர்டைம்ல சேர்த்துக் குடுத்துருப்பா, விதியில கை வைக்காத, சீசன் முடியட்டும்" என்றார். சேர்த்துக் கொடுத்தேன். பணம் போய்ச் சேர்ந்தது, ஆனால் ரெஜிஸ்டரில் அந்தப் புதன்கிழமை இன்றும் 0.5 என்றுதான் இருக்கிறது. அதே வாரம் இன்னும் ஆறு பேருக்கு 0.5 விழுந்திருந்தது. அவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு சீசன் போய்விட்டது. இரண்டு தடவை மறுபடி எடுத்துப் பேசினேன். மூன்றாம் தடவை பேசவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, பையனைப் பள்ளியில் சேர்த்த வருடம் அது. காரணம் என்று சொன்னால் இவைதான். அம்மாயியின் கணக்குப்பிள்ளைக்கும் வீட்டில் ஏதாவது இருந்திருக்கும்.

அந்த அக்கா இப்போது முந்தின பஸ்ஸில் வந்துவிடுகிறார். ஏழே முக்காலுக்கே கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவார். என் வண்டியைப் பார்த்தால், "சாப்டாச்சுங்களா சார்?" என்பார். ஆச்சுக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன்.