புல்வெளியில் பதினோரு கார், நடுவில் ஒரு 65

2023 ஆகஸ்டில் ஆன் ஆர்பர் வந்து இறங்கினேன். கணவருக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு, எனக்கு அவருடைய நிழலில் தொத்திக்கொண்டு வந்த விசா. வேலை பார்க்கக் கூடாது என்பது அதில் கண்டிப்பு. பகல் முழுக்க என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தவளை, மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா செப்டம்பர் 2-ஆம் தேதி காலையில் கதவைத் தட்டி வெளியே இழுத்தார். கையில் ஓர் அட்டை. 'இங்கே பார்க்கிங்' என்று எழுதியிருந்தது. "ரோட்டோரமாக நின்று ஆட்டு, போதும்."

எங்கள் வீடு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு நடக்கிற தூரம். மேட்ச் நடக்கும் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கத்து வீட்டு முற்றமெல்லாம் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். எங்கள் புல்வெளியில் பதினோரு கார் நிற்கும். பன்னிரண்டாவதை நான் ஒரு தடவை உள்ளே விட்டு, ரோஜாச் செடி போய், அதற்காக இரண்டு வாரம் பேச்சு வாங்கினேன். (சம்பளம் எதுவும் வாங்கவில்லை. விசாக்காரர்கள் யாராவது படித்தால் குறித்துக்கொள்ளவும்.)

அந்த ஸ்டேடியத்தை முதலில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடம் என்றார்களே, இவ்வளவுதானா என்று. 1927-இல் கட்டும்போதே பெரும்பகுதியைப் பூமிக்குள் இறக்கிவிட்டார்களாம். தெருமட்டத்தில் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால், படிகள் கீழே, கீழே, கீழே போகின்றன.

ஆட்டம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. இது அமெரிக்க ஃபுட்பால்; ஃபுட்பால் என்று பெயர், காலால் தொடுவது எப்போதாவது. நாலு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு. இதைப் புரிந்துகொள்ளவே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மிச்சிகன் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவே மைதானத்தில் இல்லை. ஆள் சேர்ப்பு விதிமீறல் விவகாரத்தில் பல்கலைக்கழகமே அவரை ஒதுக்கி வைத்திருந்தது. இருந்தும் ஈஸ்ட் கரோலினாவை 30-3, அடுத்த இரண்டு ஆட்டமும் 35-7, 31-6 என்று ஜெயித்தார்கள். வீட்டுக்கார அம்மா டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோ வர்ணனையைத்தான் வைப்பார். இரண்டும் ஒன்றாக ஓடாது. ரேடியோக்காரர் "டச்டவுன்!" (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்) என்று கத்தும்போது டிவியில் இன்னும் பந்தையே எடுத்திருக்க மாட்டார்கள். அவருக்கு அது பிடிக்கும். நல்லது நடக்கப் போகிறது என்று முன்னாடியே தெரிந்துகொண்டு பார்க்கிற சுகம்.

அவர்தான் எனக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். "பந்தைப் பார்க்காதே. 65-ஐப் பார்."

65 என்றால் ஸாக் ஸின்டர், அணியின் கேப்டன்களில் ஒருவர். முன்வரிசையில் வலது கார்டு. அந்த வரிசையில் ஐந்து பேர், நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் கொடுப்பதைத் தவிர அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிரே நிற்கிறவனை நெஞ்சோடு முட்டித் தள்ளி வழி உண்டாக்குவது மட்டும்தான் வேலை. அந்த வழியில் பிளேக் கோரம் புகுந்து ஓடுவார், பெயர் அவருக்குப் போகும். பந்தை விட்டுவிட்டு 65-ஐப் பார்க்கத் தொடங்கியதும் ஆட்டம் எனக்குத் திறந்துகொண்டது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஆட்டம். கபடி பார்த்த கண்ணுக்கு இந்த முட்டலும் இழுப்பும் புதிதில்லை. பந்து எங்கே என்று தேடியதுதான் என் தப்பு.

செப்டம்பர் கடைசியில் நெப்ராஸ்கா, அக்டோபரில் மினசோட்டா, இந்தியானா, மிச்சிகன் ஸ்டேட் என்று எல்லோரையும் துவைத்து எடுத்தார்கள். மிச்சிகன் ஸ்டேட்டை 49-0. முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒருவர்கூட இவர்களுக்கு எதிராக 13 புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சலித்துவிட்டது. இரண்டாம் பாதியில் நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் நவம்பர் 10. எதிரணிப் பயிற்சியாளர்கள் ஓரத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்குக் காட்டும் சைகைகளை மிச்சிகன் ஆள் அனுப்பித் திருடியது என்ற விவகாரம் சில வாரமாகவே ஓடிக்கொண்டிருந்தது. பென் ஸ்டேட்டோடு ஆட அணி கிளம்பிப் போன அன்றே, ஹார்பாவுக்கு மூன்று ஆட்டம் தடை என்று, மிச்சிகன் ஆடும் லீக்கான பிக் டென் அறிவித்தது. மறுநாள் உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் பொறுப்பேற்றார். அந்த ஆட்டத்தில் தொடர்ந்து 32 ஆட்டவீச்சு (பந்து கைமாறித் தொடங்கும் ஒவ்வொரு முயற்சியும் ஓர் ஆட்டவீச்சு), எல்லாம் பந்தோடு ஓட்டம்தான். இரண்டாம் பாதியில் பந்தை முன்னால் எறியும் பாஸ், கணக்கில் ஏறியது ஒன்றுகூட இல்லை. பென் ஸ்டேட்டுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், நமக்கும் தெரியும், ரேடியோக்காரருக்கும் தெரியும். இருந்தும் தடுக்க முடியவில்லை. 24-15. முடிந்ததும் மூர் கேமரா முன்னால் தேம்பித் தேம்பி அழுதார், நடுநடுவே கெட்ட வார்த்தை வேறு. சைகைத் திருட்டில் யார் செய்தது எவ்வளவு என்று எனக்கு ஒரு கருத்து உண்டு, வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. வாடகை வீடு.

அடுத்த வாரம் மேரிலாண்டை 31-24 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தார்கள். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆயிரமாவது வெற்றி. கல்லூரி ஃபுட்பாலில் அந்த எண்ணை முதலில் தொட்டது இவர்கள்தான்.

நவம்பர் 25, பரம எதிரி ஒஹாயோ ஸ்டேட். வீட்டுக்கார அம்மா 'ஸ்டேட்' என்று சொல்லவே மாட்டார்; வெறும் 'ஒஹாயோ'. முட்டி வலி, அத்தனை படி இறங்க முடியாது என்று தன் டிக்கெட்டை என் கையில் திணித்தார். முட்டி வலி பாதி, பயம் பாதி என்று நினைக்கிறேன். பதினோரு காரையும் நிறுத்திவிட்டு ஓடினேன். விரல் மரத்துப்போகிற குளிர். உட்கார பெஞ்சு இருந்தும் சுற்றிலும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாவது குவார்ட்டர், 17-17. வீட்டுக்கார அம்மா சொன்ன சொல் தவறாமல் 65-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பார்த்தேன். எல்லோர் கண்ணும் பந்தோடு போயிருந்தபோது, அவருடைய இடது காலின் மேல் ஒருவர் வந்து விழுந்தார். ஸின்டர் எழவில்லை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்த அந்தக் குழிக்குள் அப்படி ஓர் அமைதி. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அணி மொத்தமும் உள்ளே வந்து நின்றது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இரண்டு எலும்பும் முறிந்ததாக அப்புறம் தெரிந்தது.

அதே முன்வரிசையின் வலது ஓரத்தில் இருந்த பார்ன்ஹார்ட் ஓர் ஆள் உள்ளே நகர்ந்து 65-இன் இடத்துக்கு வந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வெகு நாளுக்குப் பிறகு பந்தைப் பார்த்தேன். அடுத்த ஆட்டவீச்சிலேயே கோரம் 22 யார்டு ஓடி உள்ளே போய்விட்டார். போனவர் விரல்களை விரித்து ஆறு, ஐந்து என்று காட்டினார். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும்தான். கடைசி நிமிடத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ராட் மூர் எதிரணி எறிந்த பந்தைப் பறித்ததும் 30-24, வெற்றி.

வீடு திரும்பினால் அம்மா வாசல்படியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நீ 65-ஐத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மீதியை எல்லோரும் அறிவார்கள். பிக் டென் இறுதியில் அயோவாவை 26-0. புத்தாண்டு அன்று தேசிய அரையிறுதியான ரோஸ் பௌலில் அலபாமாவோடு ஓவர்டைம் வரை போய் 27-20. ஜனவரி 8-இல் ஹூஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34-13. பதினைந்துக்குப் பதினைந்து. 1997-க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம்; அந்தத் தடவை நெப்ராஸ்காவோடு பங்கு போட வேண்டியிருந்தது. இறுதி ஆட்டத்தில் ஓட்டத்தில் மட்டும் 303 யார்டு. அன்று ரேடியோவை அணைத்து வைக்கச் சொன்னேன், முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்று. அவர் கேட்கவில்லை.

அதே மாதம் ஹார்பா லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். செய்தியைச் சொன்னபோது அம்மா ஜன்னல் வழியாகப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி ஒரு பக்கம் உருகி, ஏழு சனிக்கிழமை டயர் தடம் சேறாகத் தெரிந்தது. "ஏப்ரலில் விதை போட வேண்டும்" என்றார். "அந்த ரோஜாவுக்கும் ஏதாவது பார்."