உச்சத்தை உடைத்தால் வாங்கு

ஆல்கோ, அதாவது பங்குச்சந்தையில் தானாகவே வாங்கி விற்கும் புரோகிராம், போட்டுத் தரச் சொல்லி எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் ஸ்டிராட்டஜியை ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். "ஆர்எஸ்ஐ அறுபதைத் தாண்டினா வாங்கணும்." "விவாப்புக்கு மேல போனா எடுக்கணும்." "சூப்பர்டிரெண்ட் பச்சையானா ஏறிடணும்." மூன்றுமே விலையின் போக்கைப் பார்க்கச் சார்ட்டில் போடும் கணக்குகள். சென்னையில் சின்ன நிறுவனம் எங்களுடையது. புரோக்கர்களின் கணினியோடு புரோகிராம் நேரடியாகப் பேச உதவும் ஏபிஐ வழியாக ஆர்டர் போடும் புரோகிராம்களை எழுதிக் கொடுக்கிறோம். ஆர்டரை அனுப்புவது, நஷ்டம் ஓர் எல்லையைத் தொட்டால் வெளியேற ஸ்டாப்லாஸ் வைப்பது, மூன்றேகாலுக்குள் எல்லாவற்றையும் மூடுவது எல்லாம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும் துண்டுகள். புதிதாக ஒருவர் வந்தால் முக்கால்வாசி நேரம் அந்த ஒரு வரியில்தான் போகும்.

ஒரு பெரியவர் வந்தார். செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் பங்குச்சந்தை இயங்கிய காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். 1937இல் தொடங்கிய அந்தச் சந்தை 2015இல் பங்குச்சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் அனுமதியோடு விலகிக்கொண்டது. அவர் விலகவில்லை, வீட்டிலிருந்தபடி நிஃப்டி ஃபியூச்சர்ஸ் (நிஃப்டி குறியீட்டின் மேல் பின்னொரு தேதிக்குப் போடும் ஒப்பந்தம்) செய்துகொண்டிருந்தார். கண் முன்போல் ஒத்துழைக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்பதால் ஆல்கோ.

"தம்பி, காலைல முதல் பதினஞ்சு நிமிஷ ஹைய உடைச்சா வாங்கணும், லோவ உடைச்சா விக்கணும். அவ்ளோதான்."

ஓப்பனிங் ரேஞ்ச் பிரேக்அவுட் என்று உலகம் முழுக்கத் தெரிந்த பழைய முறைதான். 9:15 முதல் 9:30 வரை சந்தை எந்த எல்லைக்குள் ஆடுகிறதோ, அதைத் தாண்டும் பக்கம் நாமும் போவது. ஹை என்பது அந்த நேரத்தின் உச்ச விலை, லோ என்பது அடி விலை.

"எந்த ஹை சார்? இண்டெக்ஸோடதா, ஃபியூச்சரோடதா?"

"ஃபியூச்சர்தான். அதுலதானே டிரேட் பண்றேன்."

"உடைக்கிறதுன்னா ஒரு டிக் மேல போனாப் போதுமா, கேண்டில் மேல முடியணுமா?"

டிக் என்பது விலையின் ஒரு சின்ன அசைவு, கேண்டில் என்பது சில நிமிடங்களின் விலையைச் சார்ட்டில் ஒரே கட்டமாகக் காட்டுவது. பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அஞ்சு நிமிஷ கேண்டில் மேல முடியணும். சும்மா தொட்டுட்டு இறங்குறதுல மாட்டிக்கக் கூடாது."

"அந்தக் கேண்டில் ஹையிலிருந்து ரொம்ப மேல போய் முடிஞ்சிருந்தா?"

"எடுக்க மாட்டேன். அது ஓடிப் போச்சுல்ல."

"எவ்வளவு பாயின்ட் தள்ளி இருந்தா ஓடிப் போச்சுன்னு வெச்சுக்கலாம்?"

"அது பாத்தா தெரியும் தம்பி."

எங்கள் தொழிலின் மொத்தச் சிக்கலும் இந்த இடத்தில்தான். கோபித்துக்கொள்ளவில்லை அவர். உண்மையிலேயே அவருக்குப் பார்த்தால் தெரியும். அதனால் வேறு வழியில் போனேன். புரோக்கர் தந்த வர்த்தக ரசீதுகளான அவருடைய பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளை வாங்கி, எந்தெந்த நாளில் என்ட்ரி எடுத்து உள்ளே இறங்கினார், எந்த நாளில் பிரேக்அவுட் வந்தும் சும்மா இருந்தார் என்று சார்ட்டோடு ஒப்பிட்டேன். அவர் சொன்ன விதிக்கும் செய்ததற்கும் நிறைய இடைவெளி இருந்தது. முதல் பதினைந்து நிமிடமே பெரிய ஆட்டமாக இருந்த நாட்களில் அவர் தொடவே இல்லை. காரணத்தைக் கேட்டதும் சட்டென்று சொன்னார், "ஸ்டாப்லாஸ் அவ்ளோ தூரம் வெக்க முடியாதே." சரியான காரணம். ஆனால் கேட்கும் வரை அது தன் ஸ்டிராட்டஜியின் ஒரு பகுதி என்று அவருக்கே தெரியாது.

இன்னொன்று, மதியம் ஒரு மணிக்கு மேல் புது பொசிஷன் (வாங்கியோ விற்றோ கையில் வைத்திருப்பது) எதுவுமே இல்லை. "மத்தியான மூவ்மென்ட் நம்பகமில்லையா சார்?" என்றேன். "சாப்பிட்டுட்டு கொஞ்சம் படுப்பேன்பா." அதையும் கண்டிஷனாக எழுதினேன். இதுவரை அவருக்குக் கிடைத்த லாபம், நஷ்டம் எல்லாமே அந்தத் தூக்கத்தையும் சேர்த்துத்தான் வந்தது. அதை எடுத்துவிட்டால் அது வேறொரு ஸ்டிராட்டஜி.

ஆர்எஸ்ஐ அறுபதுக்காரர்களின் பிரச்சினை வேறு மாதிரி. ஆர்எஸ்ஐ 60க்கு மேல் இருக்கிறது என்பது ஒரு நிலை. அது அரை நாள்கூட நீடிக்கலாம். புரோகிராம் ஒவ்வொரு டிக்குக்கும் அதைச் சோதித்தால் ஒவ்வொரு முறையும் "ஆமாம்" என்றே பதில் வரும். தாண்டுவது என்பது ஒரு நிகழ்வு. முந்தைய கேண்டிலில் 60 அல்லது அதற்குக் கீழ், இந்தக் கேண்டில் முடியும்போது மேல் என இரண்டு மதிப்புகளைப் பார்த்தால்தான் அது தெரியும். அப்படி எழுதிய பிறகும் கேள்வி தீராது. புரோகிராமைப் பத்து மணிக்கு ஆரம்பித்தால்? அதற்கு முன்பே தாண்டியிருந்தால் விட்டுவிடுவதா, எடுப்பதா? ஸ்டாப்லாஸ் அடித்து வெளியே வந்ததும் மறுபடி தாண்டினால்? சிலர் "கண்டிப்பா எடுக்கணும்" என்பார்கள். சிலர் "ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்பார்கள். எது சரி என்று நான் சொல்வதில்லை. ஆனால் பதில் சொல்லாமல் யாரையும் எழுந்து போக விடுவதில்லை.

இதைவிட ஆபத்தானது, ஆர்டர் போன பிறகு உறுதிச் செய்தி வருவதற்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி. ஆர்டர் சந்தைக்குப் போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை. புரோகிராம் பொசிஷனைப் பார்க்கிறது, பூஜ்யம். கண்டிஷன் இன்னும் உண்மை. மறுபடி ஓர் ஆர்டர். ஆகவே என்ட்ரி கண்டிஷன் என்பது சந்தையைப் பற்றியது மட்டும் இல்லை, நம்மைப் பற்றியதும்தான். கையில் பொசிஷன் இருக்கிறதா, பதில் வராத ஆர்டர் நிற்கிறதா, பாதி மட்டும் நிறைவேறியிருக்கிறதா, புரோக்கர் நிராகரித்தால் எத்தனை முறை திரும்ப முயல்வது என்பதெல்லாம் அதற்குள்ளேயே வரவேண்டும்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய புரோகிராம் ஏறவில்லை. அதில் பல வருடம் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய பகுதி உயிர்பெற்றது. கேட்ட அளவு பங்கு வாங்கியாகிவிட்டதா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் சோதனை அந்தப் பகுதியோடு இணைப்பில் இல்லை. வாங்கியது போதும் என்று அதற்குத் தெரியவே இல்லை, ஆர்டர் மேல் ஆர்டராக அனுப்பிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

ஒரு விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட் பக்கம் வந்தால் நான் கேட்பது ஒரே கேள்விதான். இந்தத் தகவல் எத்தனை மணிக்குத் தெரியும்? ஒருவர் கொண்டுவந்த பேக்டெஸ்டில் லாபக் கோடு மொட்டை மாடிப் படிக்கட்டு மாதிரி ஒரே சீராக ஏறியது. விதி இது: அன்றைய க்ளோசிங் 20 நாள் சராசரிக்கு மேலே இருந்தால் 3:20க்கு வாங்கு. 3:20க்கு அன்றைய க்ளோசிங் எப்படித் தெரியும்? அதிலும் தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இயில் அப்போது ஒரு பங்கின் க்ளோசிங் விலை கடைசியாக நடந்த டிரேடின் விலை இல்லை. கடைசி அரை மணி நேரத்து டிரேடுகளின் எடையிட்ட சராசரி. சந்தை மூடிய பிறகே அது முடிவாகும். டேட்டா ஃபைலில் தேதிக்கு நேராக ஒரே வரியில் ஓப்பன், ஹை, லோ, க்ளோஸ் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் நான்கும் ஒரே நேரத்தில் கிடைப்பது போல ஒரு மயக்கம். 3:20 மணி விலையை வைத்தே சராசரியோடு ஒப்பிடும்படி மாற்றி ஓட்டினோம். படிக்கட்டு காணாமல் போனது. அவர் என்மேல்தான் வருத்தப்பட்டார்.

ஐந்து நிமிட கேண்டிலிலும் இதே கதை சின்ன அளவில் உண்டு. 9:35க்கு முடியும் கேண்டிலின் க்ளோசைப் பார்த்து முடிவெடுத்தால் அதே விலையில் வாங்க முடியாது. அடுத்து வரும் விலையில்தான் முடியும். நல்ல பிரேக்அவுட் என்றால் அந்த அடுத்த விலை நமக்கு எதிராகவே இருக்கும், ஏனென்றால் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டு ஊரே நிற்கிறது. இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் வைத்தால் ஓடும் டிரேடுகள் கிடைக்காமல் போய், திரும்பி விழுபவை மட்டும் தவறாமல் கிடைக்கும். பேக்டெஸ்டில் இந்தப் பாகுபாடு எங்குமே தெரியாது.

"என் சார்ட்ல ஆர்எஸ்ஐ அறுபத்தொண்ணு காட்டுது, உங்க ஆல்கோ ஏன் எடுக்கல?" இது வாரம் தவறாமல் வரும் போன். 1978இல் வெல்லஸ் வைல்டர் அறிமுகப்படுத்திய ஆர்எஸ்ஐ கணக்கில் ஒவ்வொரு மதிப்பும் முந்தைய மதிப்பின் மேல் ஏறி வருகிறது. அதனால் எத்தனை கேண்டில் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை கொஞ்சம் மாறும். சார்ட் பல மாதத் தரவிலிருந்து கணக்கிடும், நம் புரோகிராம் நேற்றிலிருந்து மட்டும் எடுத்தால் ஒத்துவராது. இது போதாதென்று, சில்லறை வாடிக்கையாளர்களுக்குப் புரோக்கர்கள் தருவது ஒவ்வொரு டிரேடும் அடங்கிய தரவு இல்லை, அவ்வப்போது எடுத்த ஸ்னாப்ஷாட். ஒரு நொடிக்குள் வந்து போன உச்சம் ஒருவர் தரவில் இருக்கும், இன்னொருவர் தரவில் இருக்காது. "ஹையை உடைத்தால்" என்ற விதிக்கு இரண்டு இடத்தில் இரண்டு ஹை.

இலவசப் பங்கு தரும் போனஸ், ஒரு பங்கைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட் வரும் நாளும் அப்படித்தான். ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 அன்று ஒன்றுக்கு ஒன்று போனஸ் கழித்து வர்த்தகமானபோது விலை பாதியாகத் தெரிந்தது. பழைய விலைகளைப் பாதியாக்காமல் வைத்திருந்தால் எந்தச் சராசரியோடு ஒப்பிட்டாலும் அன்று "விற்றுவிடு" என்றுதான் சிக்னல் வரும்.

நாட்காட்டியையும் கண்டிஷனாகவே நினைக்கப் பழகிவிட்டேன். சனிக்கிழமை சந்தை இல்லை என்று எழுதி வைத்திருந்தால் 2025 பிப்ரவரி 1, பட்ஜெட் நாளில் ஆல்கோ தூங்கியிருக்கும். தீபாவளிக்கு நடக்கும் முகூர்த்த வர்த்தகம் 2024இல் மாலை ஆறு மணிக்கு நடந்தது, 2025இல் மதியம் 1:45க்கு. நிஃப்டி வார எக்ஸ்பைரி (ஒப்பந்தங்கள் முடியும் நாள்) வியாழன் என்பது மனப்பாடமாக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய். வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டிக்கு வார எக்ஸ்பைரியே 2024 நவம்பரோடு நின்றது. கிழமையைப் புரோகிராமில் எழுதாதே, தினமும் காலையில் என்எஸ்இ தரும் கான்ட்ராக்ட் ஃபைலைப் படித்துத் தெரிந்துகொள் என்பது இப்போது எங்கள் அலுவலகச் சட்டம்.

நம்ப முடியாத விலைக்கும் ஒரு தடுப்பு வேண்டும். 2012 அக்டோபர் 5 அன்று ஒரு புரோக்கர் அலுவலகத்திலிருந்து தவறாகப் போன 650 கோடி ரூபாய்க்கு மேலான ஆர்டர்களால் நிஃப்டி கண நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் சரிந்து வர்த்தகம் நின்றது. அந்த நொடியில் லோவை உடைத்தால் விற்கும் எல்லா விதிகளுக்கும் கண்டிஷன் பூர்த்தியாகியிருக்கும். முந்தைய விலையிலிருந்து அசாதாரணமாக விலகிய டிக்கை வைத்து என்ட்ரி எடுக்காதே என்று ஒரு வரி. வருடக்கணக்கில் வேலையே செய்யாமல் கிடக்கும் வரி அது.

கண்டிஷன்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களோடுதான் எனக்கு அதிக வாக்குவாதம். ஒவ்வொரு நஷ்டத்துக்குப் பிறகும் ஒரு ஃபில்டர் சேரும். போக்கின் வலுவைச் சொல்லும் ஏடிஎக்ஸ் 25க்கு மேலே, வால்யூம் சராசரியைவிட அதிகம், சந்தையின் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் இவ்வளவுக்குள், கடைசியில் "புதன்கிழமை வேண்டாம்". ஏன் புதன் என்றால் பேக்டெஸ்டில் புதன் நஷ்டம். பெரியவரின் "ஸ்டாப்லாஸ் அவ்ளோ தூரம் வெக்க முடியாதே" என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முன்னதில் காரணம் இருக்கிறது, பின்னதில் விளைவு மட்டும். ரிசல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் காரணம் சொல்ல முடியாத ஃபில்டரைச் சேர்க்க மறுத்து ஒரு வாடிக்கையாளரை இழந்தும் இருக்கிறோம்.

2024 செப்டம்பரில் வெளியான செபியின் ஆய்வைப் படித்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆய்வில், வெளிநாட்டு முதலீட்டாளர்களும் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் ஈட்டிய லாபத்தில் ஏறக்குறைய முழுவதும் ஆல்கோ வழியாக வந்தது என்றும் இருக்கிறது. இந்த இரண்டாவது வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, "ஆல்கோன்னா லாபம்தானே சார்?" என்று. பெரிய நிறுவனங்களிடம் உள்ள வேகமும் செலவுக் குறைவும் வேறு, நம்மிடம் இருப்பது மனம் மாறாத ஒரு குமாஸ்தா மட்டும் என்று சொல்வேன். பாதிப் பேர் அதோடு திரும்பிப் போனால்கூட எனக்கு வருத்தமில்லை.

2025 பிப்ரவரியில் செபி கொண்டுவந்த விதிகளின்படி, தர்க்கம் வெளியே தெரியாத ஆல்கோக்களை வழங்குகிறவர் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், தர்க்கத்தை மாற்றினால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் வாடிக்கையாளர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "அறுபத அம்பத்தெட்டா மாத்திடுங்க" என்று அனுப்புவார். இப்போது யார் கேட்டாலும் எழுத்தில் வாங்கி, தேதி போட்டு வைக்கிறோம்.

கூடவே ஒரு வேலை சேர்த்தோம். எடுத்த என்ட்ரிகளை மட்டும் பதிவு செய்யாமல், எடுக்காமல் விட்டவற்றையும் காரணத்தோடு லாக்கில் எழுதுகிறது புரோகிராம். "10:05, பிரேக்அவுட் உண்டு, ஆர்டர் இல்லை, ரேஞ்ச் பெரிது." "11:40, தரவு தாமதம், கண்டிஷன் சோதிக்கப்படவில்லை." மூன்றரைக்கு எல்லாருக்கும் அது மெயிலில் போகும். நஷ்டமான டிரேடைப் பற்றிக் கேட்டு வரும் போன்கள் குறைவு. விட்டுப்போன லாபத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். லாக்கில் உள்ள காரணத்தை வாசித்துக் காட்டி, இந்தக் கண்டிஷனை எடுத்துவிடலாமா என்று கேட்பேன். பெரும்பாலும் "வேணாம், இருக்கட்டும்" என்பதே பதில். எடுக்கச் சொல்கிறவர்களிடம் மறுநாள் காலை எட்டரைக்குள் எழுதி அனுப்பச் சொல்கிறேன், ஒன்பதேகாலுக்கு முன் சோதித்துப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டும்.