இடது பை ஃபிராங்குக்கு

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கு மேலே, வெள்ளைப் பாறை மேட்டில் பக்கத்துப் பெஞ்சுப் பெரியவர் தேநீருக்குச் சில்லறை எடுக்க வலது பையில் மட்டும் துழாவினார்.

"இடது பை ஃபிராங்குக்கு" என்று சிரித்தார்.

பிரான்சின் பழைய நாணயமான ஃபிராங்க் 2002-லேயே போய்விட்டது. கை இன்னும் மறக்கவில்லை.

லாரி ஓட்டியவர். டோவரிலிருந்து எதிர்க்கரையில் பிரான்சின் கலேவுக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். கடல் கொந்தளித்தால் வண்டிகளைச் சங்கிலியால் தளத்தோடு கட்டுவார்களாம். மேலே ஓட்டுநர்களுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை.

ஆனால் அவர் அதிகம் பேசியது கடலைப் பற்றியல்ல, காகிதத்தைப் பற்றி. 1993-க்கு முன் சுங்க முத்திரைக்காக லாரிக்குள்ளேயே கழித்த இரவுகள்! நான் எல்லையை வரைபடத்துக் கோடாகத்தான் நினைத்திருந்தேன். இவர் பேச்சில் அது முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கு.

1993 ஜனவரியில் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்ததோடு அந்தக் காகிதம் ஒழிந்தது. 1994-ல் கடலுக்கடியில் சுரங்கம் வந்தது. லாரியை ரயிலில் ஏற்றினால் 35 நிமிடம்.

"அதில் எங்கே தூங்குவது? கப்பல் என்றால் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்."

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2021-ல் சுங்கக் காகிதம் திரும்பி வந்ததைச் சொல்லும்போது மட்டும் ரொம்ப நேரம் சிரித்தார். அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டாராம், நல்லவேளை.

கீழே ஒரு கப்பல் மெதுவாகத் திரும்பியது. பேச்சை நிறுத்திவிட்டு, அது கரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தேநீர் ஆறிவிட்டது.