இது யார் வீட்டுக் கல்யாணம்?

அக்கா ஊருக்கு வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்மார்ட் டிஸ்ப்ளே ஒன்று எங்கள் சமையலறை மேடையில், மிக்ஸிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் நிற்கிறது. பேரப்பிள்ளைகளோடு அம்மா வீடியோவில் பேசத்தான் அது. மற்ற நேரத்தில் சும்மா இருக்காமல் உலகத்து மியூசியங்களில் இருக்கும் ஓவியங்களை மாற்றி மாற்றிக் காட்டும். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அம்மா அதைத்தான் பார்ப்பார். ஒரு நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குரல் வந்தது.

"டேய், இது யார் வீட்டுக் கல்யாணம்டா?"

நுரையோடு எட்டிப் பார்த்தேன். வைக்கோல் அடைத்த களஞ்சியம், நீள மேசை, பழைய காலத்து வெள்ளைக்காரர்கள் நெருக்கியடித்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கும் தெரியாதுதான், ஆனால் இன்ஜினியரிங் படித்த பிள்ளை அப்படிச் சொல்ல முடியுமா? பெட்டியிடமே "ஹூ பெயிண்டட் திஸ்?" என்றேன். ஓவியம் மறைந்து, பக்கத்தில் இருக்கும் நாலு பெயிண்ட் கடைகள் வந்தன. இதில் பெரிய கஷ்டமே இதுதான், எதைப் பற்றிக் கேட்கிறோமோ அதை அழித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வரும். கடைகளை மூடிவிட்டுப் பார்த்தால் திரையில் பூச்சாடி.

மறுபடி அந்தக் கல்யாணம் வர மூன்று நாள் ஆனது. இந்த முறை போனும் கையுமாகப் பாய்ந்தேன். படம் எடுத்துத் தேடினால், திரையில் பளிச்சென்று விழுந்த டியூப்லைட்டை அடையாளம் கண்டு விலை சொன்னது. லைட்டை அணைத்துவிட்டு எடுத்தேன். ஆண்கள் பனியன், மூன்று உள்ள பாக்கெட்.

"போட்டோ எடுக்கிறதை விடு, கண்ணால பாரு" என்றார் அம்மா, கரண்டியாலேயே காட்டி. "கதவைக் கழட்டி அதுமேல கிண்ணத்தை அடுக்கி ரெண்டு பேர் தூக்கிட்டு வர்றான். முன்னாடி ஒரு குழந்தை, தொப்பி கண்ணை மறைக்குது, தட்டை வழிச்சு நக்குது. வாத்தியக்காரன் ஊதுறதை விட்டுட்டுச் சோத்தையே பார்க்கிறான், பாவம், அவனுக்கு இன்னும் இலை போடலை. அந்தக் கதவு தூக்குறவன்கிட்ட காலை எண்ணு. ஒண்ணு அதிகமா இருக்கு."

எண்ணினேன். இருந்தது.

கல்யாண விருந்து, கழற்றிய கதவு, கூடுதல் கால் என்று அம்மா சொன்னதையே தட்டினேன், முதல் முடிவிலேயே மாட்டியது. பீட்டர் புரூகல் சுமார் 1567இல் வரைந்த 'குடியானவர் திருமணம்', வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல் 164 செ.மீ. அகலமாம். எங்கள் வீட்டில் அது ஏழு அங்குலம், அதில் கேட்டராக்ட் ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா கால் எண்ணியிருக்கிறார்.

அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. சரஸ்வதி பூஜைக்கு மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்போடு இதற்கும் நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மூன்று உதிர்ந்துவிட்டன. இடது கீழ் மூலையில் இருந்தது மட்டும் சிமென்ட் மாதிரி காய்ந்து நிற்கிறது. நகத்தால் சுரண்டினேன். அடியில் ஓவியத்தின் பெயரும் வரைந்தவர் பெயரும், சின்ன வெள்ளை எழுத்தில், முதல் நாளிலிருந்தே.

"சாமிக்கு வச்சதை ஏன்டா சுரண்டுறே?" என்றார் அம்மா. "அதை விடு, பொண்ணு தெரியுது. பச்சைத் துணிக்கு முன்னாடி கையைக் கோத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. மாப்பிள்ளை எங்கே?"

படித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை யார் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை, கிண்ணம் எடுத்துக் கொடுப்பவர் என்கிறார்கள், ஜாடியில் ஊற்றுபவர் என்கிறார்கள், பந்தியிலேயே இல்லை என்கிறார்கள்.

"ஊத்துறவன்தான்" என்றார் அம்மா, யோசிக்காமல். "உங்க அப்பாவும் அப்படித்தான். நலங்குக்குத் தேடினா சாம்பார் வாளியோட பந்தியில நிக்கிறார்."

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சமையல்காரன் ரெண்டு ஆள் கம்மியா கூட்டிட்டு வந்தான், நான் என்ன பண்றது?"